அமைதி நேரத்தின் தொடக்க விழா

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நெய்வேலி நகரியத்தில் குடியிருப்போர் வாசகர் மன்றம் நடத்தும் நூலகத்தில் 'அமைதி நேரம்' தொடங்கி வைக்கப்பட்டது.

உண்மையில் அந்த நேரம் கோடைக்கு முன்பே, விழா எதுவும் இல்லாமல் தொடங்கியிருந்தது. தொடங்கியவர் நூலகர் காந்திமதி. குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். யாருக்காகத் தொடங்கினாரோ அந்த வினோலியாவுக்கு இருபத்தொரு வயது. ஆட்டிசம் உள்ளவள். பதினெட்டு வயது முடிந்ததும் சிறப்புப் பள்ளியில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அவள் வெளியே போவதை நிறுத்திக்கொண்டாள். கடைத்தெருவுக்கோ மாதா கோயிலுக்கோ கூப்பிட்டால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். நூலகத்துக்கு மட்டும் வந்தாள். ஏன் என்று அவளுடைய அம்மா சகாயமேரிக்குத் தெரியவில்லை. இந்த ஓர் இடமும் போய்விட்டால் மகள் குவார்ட்டர்ஸின் இரண்டு அறைக்குள்ளேயே முடிந்துவிடுவாள் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன சுரங்க இயந்திரக் கையேடுகள் கீழ்த்தட்டில் கிடந்தன. மண்ணை வெட்டும் பெரிய சக்கர இயந்திரத்தைத் திருகு வரை பிரித்துப் போட்ட படங்கள் அவற்றில் இருந்தன. வினோலியா தரையில் உட்கார்ந்து அந்தப் படங்களின் மேல் விரலை ஓட்டுவாள். ஓட்டும்போது தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும்.

"நைட் ஷிஃப்ட் பூரா மெஷின் சத்தம். இங்க வந்தா இந்தப் பொண்ணு கன்வேயர் பெல்ட் ஓட்டுது," என்றார் மருதமுத்து. தினமும் பேப்பர் படிக்க வருபவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சகாயமேரியும் சிரிக்கப் பார்த்தாள்.

அன்று மாலை காந்திமதி ஒரு முடிவுக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஆள் வருவது குறைவு. அந்த நேரத்தில் விட்டுவிட்டு எரியும் டியூப்லைட்டை அணைத்தார். கடகடக்கும் மின்விசிறியை நிறுத்தி, வாசல் கதவைச் சாத்தி, ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்தார். புத்தகங்களுக்கு முத்திரை குத்தும் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளினார். செருப்பு விடுவது, புத்தகம் எடுப்பது, உட்காருவது, வைப்பது, கிளம்புவது எல்லாவற்றையும் படமாக வரைந்து கதவில் வரிசையாக ஒட்டினார். பேச்சைவிட அந்தப் படங்கள் வினோலியாவுக்கு எளிதாக இருந்தன. நகரியத்தின் இன்னொரு பகுதியான வட்டம் இருபத்தைந்திலிருந்து இன்னொரு தாயும் தன் பையனைக் கூட்டி வரத் தொடங்கினாள்.

ஜூன் கடைசியில் ஒருநாள் வினோலியா கையேட்டைத் தூக்கிக்கொண்டு காந்திமதியின் மேசைக்கு வந்தாள். ஒரு படத்தைத் தொட்டு, "பேரிங்," என்றாள். வெளியாள் ஒருவரிடம் அவள் பேசி நெடுநாள் ஆகியிருந்தது.

"ஆமா, பேரிங்தான்," என்றார் காந்திமதி. குரலை உயர்த்தவில்லை.

செவ்வாய்க்கிழமை கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று மருதமுத்து மன்றத்துக்கு எழுதிப் போட்டார். செயலாளர் சிவப்பிரகாசம் நேரில் வந்தார். சுரங்கத்தில் ஃபோர்மேன். கெட்ட மனிதர் இல்லை. ஒரு மணி நேரமும் வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். போகும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க மேடம். ஆனா கமிட்டி பாஸ் பண்ணாம இத ஓட்ட முடியாது. முறைப்படி ஒரு தொடக்க விழா வச்சிடுவோம்."

"விழா வேணாம் சார். இது சத்தம் ஆவாத புள்ளைங்களுக்குன்னுதான சார் ஆரம்பிச்சது."

"விழா வைக்காத எதையும் நம்ம மன்றத்துல யாரும் மதிக்க மாட்டாங்க. போன வருஷம் தண்ணி ஃபில்டருக்கே ரிப்பன் வெட்டினோம். புது ஃபேன், புது லைட், இவங்களுக்கு வேண்டிய படப் புத்தகம், எல்லாத்துக்கும் அன்னிக்கே ஸ்பான்சர் பிடிச்சுத் தர்றேன்."

நூலகத்தில் போட்டித் தேர்வு வழிகாட்டிகள் நான்கு அலமாரி நிறைய இருந்தன. எளிய சொற்களில் பெரிய படங்களோடு தமிழ்ப் புத்தகம் பத்துகூட இல்லை. காந்திமதி யோசித்தார்.

"மைக் கூடாது சார். வெடி கூடாது. வினோவ கூட்டினு வரச் சொல்லக் கூடாது."

"மைக் இல்ல, வெடி இல்ல. ஆனா யாருக்காக விழாவோ அவங்க இல்லாம எப்படிம்மா? அஞ்சு நிமிஷம் ஒக்கார வச்சிட்டு அனுப்பிடுங்க."

காந்திமதி இதைச் சொன்னபோது சகாயமேரி கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே கேட்டாள். "நாங்க வரலைன்னா செவ்வாய்க்கிழமைய நிறுத்திடுவாங்களா மேடம்?"

"தெரியல மேரி. மருதமுத்து மாதிரி கமிட்டியிலயும் ஆளுங்க இருக்காங்க."

"அப்ப அஞ்சு நிமிஷந்தான. காதுல பஞ்சு வச்சிக் கூட்டியாறேன்."

ஞாயிறு காலை வாசலில் பந்தல் போட்டிருந்தது. பந்தல்காரர் மன்றத்தின் எல்லா விழாக்களுக்கும் செய்வதுபோலவே இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கட்டியிருந்தார். வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டியது யார் வேலை என்று யாருக்கும் தெரியவில்லை. காந்திமதி சிவப்பிரகாசத்தைத் தேடிப் போனார். அவர் விருந்தினரின் காருக்கு வழிகாட்டப் பேருந்து நிலையம் வரை போயிருந்தார். விருந்தினர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். அவருடைய கார் தெருவுக்குள் திரும்பியதும் இளைஞர் அணியினர் சரவெடி கொளுத்தினார்கள். அதுவும் வழக்கம்தான்.

வினோலியா அப்போது உள்ளே கீழ்த்தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். சகாயமேரி அவள் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார்ந்தாள். அழுத்தம் இருந்தால் ஆட்டம் அடங்கும். மெல்ல அடங்கவும் செய்தது.

"வூட்டுக்குப் போயிடு மேரி," என்றார் காந்திமதி.

"வெளிய பந்தல் பூரா ஆளு மேடம். எப்படிக் கூட்டினு போறது?"

பின்பக்கக் கதவின் சாவி சிவப்பிரகாசத்திடம் இருந்தது. அவர் விருந்தினரோடு பந்தல் கூட்டத்துக்கு நடுவே இருந்தார்.

விழா உள்ளே வந்தது. விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றினார். டியூப்லைட் எல்லாம் போட்டாயிற்று. "நம்ம குழந்தைய மொதல்ல கௌரவிப்போம்," என்று யாரோ சொல்ல, விருந்தினர் குனிந்து வினோலியாவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். ஜரிகை கழுத்தில் உரசியது. கழுத்தில் சட்டை லேபிள் பட்டால்கூடக் கத்தரித்துவிடச் சொல்பவள் அவள்.

"அம்மா, பொண்ண இப்படிப் பாக்கச் சொல்லுங்க," என்றார் புகைப்படக்காரர். ஃபிளாஷ் அடித்தது.

"எல்லாரும் ஒருதடவ ஜோரா," என்று ஒலிபெருக்கியில் வந்தது. கை தட்டினார்கள்.

வினோலியா எழுந்தாள். பொன்னாடையைப் பிடுங்கினாள், அது வளையலில் சிக்கியது. தன் மணிக்கட்டைக் கடித்தாள். அம்மா கையை நீட்டினாள். அம்மாவையும் தள்ளிவிட்டு ஓட இடம் தேடினாள். எல்லாப் பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஆள் இல்லாத ஒரே பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி இருந்தது. வலது கை கண்ணாடியை உடைத்துக்கொண்டு முழங்கை வரை உள்ளே போயிற்று.

சிவப்பிரகாசம் தன் வேட்டியைக் கிழித்து அவள் கையைக் கட்டினார். விருந்தினரின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நரம்பு அறுந்திருந்தது. தைத்தார்கள். அவளுடைய அப்பா சைமன்ராஜ் ஷிஃப்டிலிருந்து நேரே வந்தார். யாரையும் திட்டவில்லை. "யார் கேட்டாங்க இதெல்லாம்," என்று மட்டும் கேட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சிவப்பிரகாசம் அவர் பக்கத்தில் வெறும் உள்டவுசரோடு, யாரோ கொடுத்த துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் பொன்னாடை படம் வந்தது. மற்றது வரவில்லை.

கட்டுப் பிரித்த வாரம் காந்திமதி அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனார். கையில் அந்தக் கையேடு இருந்தது. வினோலியா அவரைப் பார்த்தாள். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஒங்கள ஒண்ணும் நெனச்சிக்கல மேடம்," என்றாள் சகாயமேரி. "அது எல்லாரையும் ஒரே மாதிரிதான் இப்ப பாக்குது."

"நான் மைக்கக் கழட்டச் சொல்லியிருக்கணும் மேரி. நானே கழட்டியிருக்கணும்."

சகாயமேரி டீ போட எழுந்தாள். டீ வந்தது. காந்திமதி குடித்தார். குளியலறைக் கதவு திறக்கவில்லை.

வட்டம் இருபத்தைந்துப் பையனையும் அதன்பிறகு கூட்டி வரவில்லை. அமைதி நேரத்தை நிறுத்த வேண்டாம், விழா வைத்துத் தொடங்கியதாயிற்றே என்று செயற்குழு முடிவு செய்தது. சத்தமில்லாத புது மின்விசிறிகள் வந்தன. செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை போட்டித் தேர்வு எழுதுபவர்கள் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். வினோலியா வீட்டில் இருக்கிறாள்.