எட்டு வாரக் கறுப்பு

தலைமுடியில் அரை விரலுக்கு மேல் கத்தரி பட்டால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாத மனுஷன் நுன்சியோ. ஆஸ்திரேலியாவின் மில்டூராவில் அவன் வயசுக்காரர்களெல்லாம் நரைத்தும் வழுக்கை விழுந்தும் திரிய, அறுபது தாண்டியும் பின்னால் வாரிவிட்ட கன்னங்கரேல் முடியோடு மாப்பிள்ளை மாதிரி நடந்தவன். கல்யாணம்தான் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பேர்ப்பட்டவன் புதன்கிழமை காலையில் தங்கை அசுந்தாவின் சலூனுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "ஒட்ட வெட்டிடு" என்றான்.

அசுந்தாவுக்குக் கை நின்றுபோனது. வெயிலுக்குப் பயந்து முடி வெட்டுகிற ஆள் இல்லையே இவன்.

கன்னங்கரேல் என்பதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. சிறுநீரகத்தில் வந்த புற்றுநோய், அந்தச் சிறுநீரகத்தை எடுத்த பிறகும் நுரையீரலில் இரண்டு பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தது. அதற்குத்தான் மாத்திரை. கட்டி தனக்கென்று புதுசு புதுசாக ரத்தக்குழாய் இழுத்துக்கொண்டு வளருமாம். மாத்திரை அந்தக் குழாய்களை வரவிடாமல் செய்து அதைப் பட்டினி போடுமாம். திராட்சைத் தோட்டக்காரனுக்கு இதைப் புரியவைக்க டாக்டரம்மா சிரமப்படவே இல்லை. "வாய்க்கால அடைக்கிறீங்க, அவ்வளவுதானே" என்று கேட்டுவிட்டு வந்தான்.

நாலு வாரம் மாத்திரை, ரெண்டு வாரம் ஓய்வு. மாத்திரை வாரங்களில் உள்ளங்கால் கொப்பளித்துக் காந்தும், ரத்தக்கொதிப்பு ஏறும், நாக்கில் எதை வைத்தாலும் அட்டையை மென்ற மாதிரி இருக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். முடி வெளுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரேயடியாக வெளுத்திருந்தாலாவது தேவலை. மாத்திரை வாரத்தில் முளைத்தது வெள்ளை, ஓய்வு வாரத்தில் முளைத்தது கறுப்பு என்று வரிவரியாக வந்தது. வரிக்குதிரை என்று பெயர் வைத்தவள் அசுந்தாதான்.

அவள் சீப்பால் முடியை வகிர்ந்து வேரைப் பார்த்தாள். அகலமாக வெள்ளை, மெல்லிசாகக் கறுப்பு. மறுபடி வெள்ளை, மெல்லிசாகக் கறுப்பு. கடைசி வெள்ளைக்கு அப்புறம் மண்டையை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு. நாற்பது வருஷமாக முடி வெட்டுகிறவளுக்கு மாசத்துக்கு எவ்வளவு வளரும் என்று தெரியாதா?

"அண்ணே, மாத்திரைய எப்ப நிறுத்துன?"

"யாரு நிறுத்தினா?"

"ரெண்டு வாரக் கறுப்பு எட்டு வாரக் கறுப்பா இருக்கு. நாளைக்கு டாக்டரம்மா பாத்துடுவாங்கன்னுதானே ஒட்ட வெட்டச் சொல்ற?"

நுன்சியோ கண்ணாடியில் தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கிறிஸ்துமஸ் சாப்பாடு உன் வீட்டுலதானே?" என்றான்.

"அதுக்கென்ன?"

"அப்ப எனக்கு ஓய்வு வாரம். நாக்கு திரும்பியிருந்துச்சு. தக்காளி சாஸ் ஊத்தின உன் லசான்யாவ வாயில வச்சேன். கடல் தண்ணி. போன வருஷ சாஸ் அது, நாக்கு இருக்கிற வாரத்துல அன்னைக்குத்தான் முதல்ல தின்னேன். நான் உப்புப் போட்ட சாஸ்."

அசுந்தா சீப்பைக் கீழே வைத்தாள். வருஷா வருஷம் பிப்ரவரி ரெண்டாவது சனிக்கிழமை அந்த இத்தாலியக் குடும்பம் மொத்தமும் கூடித் தக்காளி அரைத்து, காய்ச்சி, முந்நூறு பாட்டில் நிரப்பும். ருசி பார்த்து உப்புப் போடுவது நுன்சியோவின் வேலை. வேறொருத்தர் உப்பு டப்பாவைத் தொட்டால் குதிப்பான். போன வருஷம் செத்த நாக்கோடு போட்டுவிட்டான். நோயாளி மனசு நோகக்கூடாது என்று ஆறு வீட்டுக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. உருளைக்கிழங்கு போட்டு உப்பை இழுக்கப் பார்த்தார்கள், தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்கள், அவன் கேட்டபோதெல்லாம் பிரமாதம் என்றார்கள்.

"அதனால இந்தத் தடவ நாக்கோட நிக்கணும்னு நிறுத்திட்டேன்" என்றான்.

போன சனிக்கிழமை போட்ட சாஸில் உப்பு அளவாக இருந்தது. அதை நினைக்கவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"ஒரு சிட்டிகை உப்புக்காக மடையத் திறந்து விட்டுட்டு உக்காந்திருக்க. நீயெல்லாம் ஒரு விவசாயி. சரி, சாஸ் போட்டு நாலு நாளாச்சே, ஏன் திரும்ப ஆரம்பிக்கல?"

"நாளைக்கு ஸ்கேன் முடிவு வரட்டும்னு இருந்தேன். வளந்திருந்தா நானே வளத்தது. மாத்திரையக் கைல எடுத்தாலே அந்த நினைப்புதான், முழுங்க பயமா இருந்துச்சு."

"டாக்டரம்மாகிட்ட சொல்லு. சொல்லலன்னா மாத்திரை வேலை செய்யலன்னு நினைச்சு நிறுத்திடுவாங்க. கைல இருக்கிற நல்ல மருந்து போயிடும்."

"ஒரு வருஷம் பிரமாதம் பிரமாதம்னு புளுகுனவ எனக்கு உண்மை பேசக் கத்துக்குடுக்கிறியா?"

சுருக்கென்று தைத்தது. அசுந்தா கொஞ்ச நேரம் துண்டை மடித்தாள், பிரித்தாள். "என் பங்கு அம்பது பாட்டில். நாப்பத எலுமிச்ச மரத்தடியில கொட்டினேன்" என்றாள். "மரம் செத்துப்போச்சு."

நுன்சியோ முதலில் முறைத்தான். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தான். "பூச்சி அரிச்சிடுச்சுன்னியேடி" என்றான். அவளும் சிரித்தாள், ஆனால் கத்தரியை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். நுன்சியோ தங்கையைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்தாள். அவன் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்காட்டி, "இங்க எழுதியிருக்கு, படிச்சுக்குங்க" என்றான்.

ஸ்கேனில் ஒரு பொட்டு அப்படியே இருந்தது, இன்னொன்று சற்று வளர்ந்திருந்தது. உப்புக் கதையைக் கேட்டும் டாக்டரம்மா திட்டவில்லை. முன்னாடியே நாக்கைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்றார். நாக்கு அவ்வளவு கெடாமலிருக்க அதே மாத்திரையை ரெண்டு வாரம் போட்டு ஒரு வாரம் விடச் சொன்னார். வளர்ந்தது அடங்குமா என்று மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும்.

காரில் திரும்பும்போது நுன்சியோ சொன்னான்: "அடுத்த வருஷம் உப்ப நீயே போடு."

"நீதான் போடுற. உன் ஓய்வு வாரத்துல சாஸ் போடுவோம். நாள மாத்திக்கலாம்."

"ரெண்டாவது சனிக்கிழமையையா? அப்பா செத்தப்பகூட அத மாத்தலயே."

"அப்பா செத்துட்டாரு. நீ இருக்க" என்றாள் அசுந்தா. "உப்புக் கரிச்சாலும் தின்னுக்கிறோம். போடுறதுக்கு நீ இருக்கணும்."

அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தான். அவள் காரை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.