‘புல்வெளி’ ஆசிரியருக்கு வந்த சனம்

யூஜினி கதிரைகளை மடக்கிச் சுவரோடு சாத்திக்கொண்டிருந்தாள். பெரிய மனிதரின் பிரேதத்தைப் பார்க்கச் சனம் வரும் என்று நம்பி மண்டபக்காரர் தாராளமாகப் போட்டு வைத்திருந்தார்கள். இருந்ததோ அவளும் மகள் அன்ரனெற்றும், பெட்டிக்குள் அவள் புருசன் கிறிஸ்துநாயகமும்தான்.

“அம்மா, லீவ் இற், விடுங்கோ. மண்டப ஸ்ராஃப் செய்வினம்.”

“வெறுங்கதிரையைப் பார்க்க ஏலாமல் கிடக்கு பிள்ளை. அவருக்கு மரியாதை இல்லை.”

மரியாதைக்கு ஒரு காலம் இருந்தது. கனடாவின் வினிப்பெக்கில் தமிழரை விரல்விட்டு எண்ணலாம் என்றிருந்த நாட்களில், அவர் தானே நடத்தி, பனிக்குள் கார் ஓடி வீடு வீடாய்க் கொடுத்த பத்திரிகை ‘புல்வெளி’. அந்த ஊர் இங்கிலிஷ் பேப்பரிலே அவருடைய படமே வந்தது. ரொறன்ரோவுக்கு வந்தபிறகு, “என்ன மாஸ்ரர், மாடு மேய்க்கவோ?” என்று சனம் பகிடி பண்ணியும் மனிதர் பெயரை மாற்றவில்லை. எந்தச் செத்தவீடு என்றாலும் அறிவித்தல் போட அவரிடம்தான் ஓடி வருவார்கள்.

இந்த வருசம் மாசி மாதம் அவர் எழுதினார்: வன்னிச் சனம் முழுக்கச் சுற்றிவளைக்கப்பட்டுவிட்டது, இனி வெல்ல வழியில்லை, சனத்தையாவது காப்பாற்றப் பாருங்கள் என்று. அவ்வளவுதான்! கடைக்காரர்கள் பேப்பர்க் கட்டைத் தொடவே மாட்டோம் என்றார்கள். துரோகி என்றார்கள். வினிப்பெக்கில் அவரோடு இருந்து பேப்பருக்குப் பக்கம் வெட்டி ஒட்டிய நீக்கிலாஸ், ஒரே கோப்பையில் சாப்பிட்ட நீக்கிலாஸ், கோயில் வாசலில் எல்லாரும் பார்க்கப் பேப்பரைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்தான். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன சனிக்கிழமை படியில் சரிந்தார். டொக்டர் நெஞ்சுவருத்தம் என்றார். யூஜினிக்கு அது நீக்கிலாஸ்.

ஆனால் அவளிடம் ஒரு சேதி இருந்தது. சாவதற்குச் சில நாள் முன்னர், வன்னியிலிருந்து தப்பி முகாமுக்கு வந்த ஒருவர் பத்திரிகைக்குப் போன் எடுத்திருந்தார். நீக்கிலாஸின் தங்கை வேரோனிக்காவும் பிள்ளைகளும் இருந்த பதுங்குகுழிக்குமேல் செல்குண்டு விழுந்ததாம், ஒருவரும் தப்பவில்லையாம், அதிலேயே மூடிவிட்டார்களாம்.

“அவருக்குச் சொல்லுங்கோவன்,” என்றிருந்தாள் யூஜினி.

“நான் சொன்னால் நம்புவானே? கொஞ்ச நாள் கிடக்கட்டும். பாவம்,” என்றார் அவர்.

பாவமாம்! வரட்டும், சிநேகிதனின் பிரேதத்துக்கு முன்னால் வைத்தே அவன் முகத்தில் சொல்லுகிறேன் என்று அவள் காலையிலிருந்து கறுவிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் கதவு திறந்தது. அன்றைக்குத்தான் வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொல்லியிருந்தது. தாடி மழிக்காத ஆம்பிளைகளும் அழுது வீங்கிய பெண்டுகளுமாகச் சனம் உள்ளே வந்தது, வந்துகொண்டே இருந்தது. யூஜினிக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர்கள் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே அவளிடம் வந்தார்கள்.

“அன்ரி, அவருக்கு முகாமிலயிருந்து போன் கோல் வாறதாமே?”

“புதுக்குடியிருப்பு ஆக்கள் ஆரும் கதைச்சவையோ?”

“அவற்ற போன் இப்ப ஆரிட்டை?”

தெரியாது, தெரியாது என்று எல்லாருக்கும் சொன்னாள். அவர்கள் தேடிய ஆக்களைப் பற்றி அது உண்மையாகவும் இருந்தது. அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

கடைசியாக நீக்கிலாஸ் வந்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான்.

“யூஜினி, அண்டைக்கு நான் கிழிச்சது… அவன் எழுதினது உண்மையாய்ப் போகக்கூடாது எண்டுதான்.”

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

“வேரோனிக்காவைப் பற்றி ஏதும் வந்ததோ? வந்திருந்தால் உமக்குச் சொல்லியிருப்பான். ரேடியோ, மற்றப் பேப்பர் ஒண்டையும் நான் இனி நம்பமாட்டன். உங்கட வீட்டில பொய் இல்லை. அதுதான் உம்மட்டைக் கேக்கிறன்.”

சேதி அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இல்லை அண்ணை,” என்றாள். “ஒண்டும் வரேல்லை.”

“வரேல்லையே? உண்மையாய்?”

“வந்திருந்தால் சொல்லியிருப்பார்.”

ஐயோ, அந்த முகம் மலர்ந்த மலர்ச்சி! வாசலில் நின்ற மனைவியைப் பார்த்து, “ஒண்டும் வரேல்லையாமப்பா! இருப்பாள், எங்கையோ இருப்பாள்!” என்று கத்தினான். பெட்டியடியில் முழங்காலில் நின்று சிலுவை போட்டான். பிறகு யூஜினிக்குப் பக்கத்தில் இருந்து யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாய்க்குப் போன் எடுத்தான். அங்கே அப்போது இன்னும் விடியவில்லை.

எல்லாம் அறிந்த அன்ரனெற் தாயைப் பார்த்தபடி நின்றாள்.

“அம்மா உம்மோட கதைக்கவேணுமாம்,” என்று நீக்கிலாஸ் போனை நீட்டினான்.

யூஜினி வாங்கிக் காதில் வைத்தாள்.

“பிள்ளை, நீ நல்லாயிருப்பாய்,” என்றது கிழவியின் குரல். “முன்னறையைக் கூட்டித் துடைச்சு வைக்கட்டோ? வேரோனிக்கா பிள்ளையளோட வந்தால் படுக்க இடம் வேணுமெல்லே?”

“ஓம் அம்மா,” என்றாள் யூஜினி. “கூட்டி வையுங்கோ.”