பெயின்ட் வாளியில் ஊறிய மடவை

ஷெஹாத்தா வாளியின் மூடியை நெம்பியபோது புஸ்ஸென்று காற்று வெளியேறியது. மூடி உப்பிப்போய் நடுவில் மேடு தட்டியிருந்தது. அவன் சிரித்தான். நான் ஓரடி பின்வாங்கினேன்.

"கேட்டியா அபூ பஸ்மா? மீன் இன்னும் மூச்சு விடுது!"

என் பெயர் மித்வல்லி, மகள் பெயர் பஸ்மா. எங்கள் இம்பாபா சந்தில் பிள்ளை பெற்றவனை ‘அபூ’, அதாவது இன்னாரின் அப்பா என்று, பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். ஷெஹாத்தாவுக்கும் அவன் மனைவி இன்ஸாஃபுக்கும் பிள்ளை இல்லை. அதனால் அவன் வெறும் ஷெஹாத்தா. நானும் அவனும் பதினாறு வருடமாக ஒன்றாக மூட்டை தூக்குகிறோம். மணல், செங்கல், சிமென்ட், எதுவானாலும் மின்தூக்கி வைக்காத கட்டடங்களில் மாடிக்குச் சுமந்து ஏற்றுவதுதான் வேலை.

மொட்டை மாடியில் நின்றிருந்தோம். மறுநாள் ஷம் அன்னசீம் பண்டிகை. வசந்த காலத்தின் அந்த ஒரு திங்கட்கிழமை கெய்ரோவில் வீட்டுக்குள் இருப்பவன் நோயாளியாகத்தான் இருப்பான். ஊரே புல்லைத் தேடிப் போகும். பச்சை வெங்காயம், சாயம் பூசிய முட்டை, நடுவில் ஃபசீஹ். மடவை மீனை வெயிலில் உப்பவிட்டு, உப்பில் புதைத்து, வாரக்கணக்கில் ஊறவைத்தது. கடையில் அது விற்ற விலைக்கு எங்கள் மூன்று நாள் கூலி போய்விடும். அதனால் அந்த வருடம் ஷெஹாத்தா தானே போட்டான்.

எப்படிப் போட்டான் என்பது எனக்குத் தெரியும். கூட இருந்தேன். சந்தை கலையும் நேரத்தில் வயிறு தளர்ந்த மீன்களை அள்ளி வாங்கினான். ரெண்டு நாள் மாடியில் காயப்போட்டான். மரப்பீப்பாய்க்குப் பதிலாகப் பழைய பெயின்ட் வாளி. உப்பில் பாதியை இன்ஸாஃப் ஊறுகாய்க்கென்று எடுத்து வைத்துவிட்டாள். "மீதி போதும், மீனுக்கும் ரத்தக்கொதிப்பு வந்துடப் போகுது" என்றான் அவன். நாற்பது நாள் ஊற வேண்டியதை இருபதாம் நாளே திறந்துவிட்டான்.

நாற்றத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஃபசீஹ் நாறத்தான் செய்யும். ஆனால் அந்தப் புஸ் சத்தத்தை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் வேலையிடத்தில் பூச்சுக்காரன் ஒருவன் ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபசீஹ் டப்பாவைத் திறந்து தின்றான். மறுநாள் அவனுக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. வாய்க்கு எட்டாத மூச்சுக்காக அவன் கழுத்து நரம்பு இழுத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

கீழே வந்ததும் கரீமாவிடம் சொன்னேன். கரீமா என் மனைவி. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அப்போ போய் அவன்கிட்ட சொல்லு."

"சந்தேகம்தான். நிச்சயமாத் தெரியாதே."

"நிச்சயமாத் தெரியற வரைக்கும் காத்திருக்கப் போறியா? நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மீனைக் கொட்டிவிடு. ஆனால் ஷெஹாத்தாவிடம் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவனைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். எங்கள் சந்தில் சந்தோஷம் என்று ஒன்று இருந்தால் அதை அவன்தான் தூக்கிக்கொண்டு வருவான், செலவில்லாமல். படகுத்துறையில் ஒரு சீட்டு எடுத்து, அக்கரையில் இறங்காமலே திரும்பி வருவோம், நைல் முழுக்க எங்களுடையது. தெருவில் கல்யாணப் பந்தல் கண்டால் நேராக உள்ளே போய்க் கைதட்டுவான். மாப்பிள்ளை வீட்டார் அவனைப் பெண் வீட்டான் என்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டான் என்பார்கள், அதற்குள் சர்பத் வந்துவிடும். கால்பந்து நாட்களில் காப்பிக்கடைக்கு வெளியே பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வீட்டு டீயைப் பாட்டிலில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்காருவான்.

கடைக்காரன் கத்துவான். "ஏய், சுவருக்கு வாடகை கொடுடா!"

"உள்ள இருக்கிறவனுக்குப் படம் தெரியுது, எனக்குச் சத்தம் கேக்குது. கோல் விழுந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே?"

அப்படிப்பட்டவன் இருபது நாள் அந்த வாளியைப் பார்த்துப் பார்த்துப் பூரித்திருந்தான். நான் மாடிப்படி ஏறினேன். பாதியில் அவன் பாடுவது கேட்டது. இறங்கிவிட்டேன்.

காலையில் நைல் அணைக்கட்டுத் தோட்டமான கனாத்திருக்குப் போகும் படகில் நின்றுகொண்டே போனோம். கூட்டம், மேளம், அழுத குழந்தைகள். வாளி ஷெஹாத்தாவின் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. படகு ஆடும்போதெல்லாம் உள்ளே தளும்பியது. கரீமா ஒவ்வொரு தளும்பலுக்கும் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

புல்லில் பழைய போர்வையை விரித்தோம். இன்ஸாஃப் வெங்காயத்தோலில் வேகவைத்த செம்பழுப்பு முட்டைகளை எடுத்து வைத்தாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு மீன் ஆகாது.

"ஏழு வருஷமா இந்த ஆள் தின்னறதைப் பார்த்துத்தான் எனக்குப் பண்டிகை" என்றாள் அவள்.

"பார்க்கறதுக்குக் காசு கேட்டேனா?" என்றான் ஷெஹாத்தா.

வாளி திறந்தது. சாம்பல் நிறமான, தொட்டால் பிரியும் மீன். அவன் அதன் வயிற்றைப் பிளந்து ஆரஞ்சு நிறச் சினையைச் சேதமில்லாமல் எடுத்தான். மேலே எலுமிச்சை பிழிந்தான். சினையில்தான் ருசி முழுக்க இருக்கும்.

"இது என் மகளுக்கு. வாயைத் திற பஸ்மா."

பஸ்மா ஷெஹாத்தா பெரியப்பா பக்கம் சாய்ந்து வாயைத் திறந்தாள். எட்டு வயது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம். ராத்திரியெல்லாம் அவளுக்கு வயித்துப்போக்கு."

"பொய்!" என்றாள் பஸ்மா.

"சும்மா இரு" என்று கரீமா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் வேண்டாம்ணா. எனக்கும் சரியில்ல." பிறகு என்னைப் பார்த்தாள். நீ பேசு, இப்போது பேசு என்று அவள் பார்வை சொன்னது.

ஷெஹாத்தாவின் கை இன்னும் நீண்டிருந்தது. முகம் கொஞ்சம் வாடிவிட்டது. பக்கத்துப் போர்வைக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் வீட்டுல எல்லாருக்கும் ஒரே நாள்ல வயிறு கெட்டுப்போச்சா? இல்ல என் சமையல்தான் கெட்டுப்போச்சா?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். ஆமாம் என்று ஒரு சொல் போதும். என் வாய் வேறு சொன்னது.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. கொடு."

அவன் முகம் மலர்ந்தது. சினையைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். எனக்குப் பெரிய துண்டாக ரொட்டியில் வைத்துக் கொடுத்தான். நான் மென்றேன், ரொட்டியை மட்டும். மீனைக் கையில் அழுத்தி, பின்னால் சாய்வதுபோல் சாய்ந்து, புல்வேருக்கு அடியில் விரலால் தோண்டிப் புதைத்தேன். மூன்று முறை அப்படிச் செய்தேன். "சபாஷ், சிங்கம் மாதிரி தின்னறான்" என்று அவன் என் முதுகில் தட்டினான்.

மறுநாள் ஐந்தாவது மாடிக்குச் சிமென்ட் ஏற்றினோம். பதினொரு மணி இருக்கும். ஷெஹாத்தா எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நின்றான். ஒரு காலைத் தூக்கி, படியே இல்லாத இடத்தில் வைத்தான். மூட்டை சரிந்து உடைந்தது. புகைபோல எழுந்த சிமென்டுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"எவன்டா படியை இரட்டிப்பாக்கினது? அப்போ கூலியும் இரட்டிப்பா?"

வேலையாட்கள் சிரித்தார்கள். நான் மூட்டையைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடினேன். வலது இமை பாதிக் கண்ணை மூடித் தொங்கியது. நாக்கு காய்ந்து பலகையாக இருந்தது.

"ஷெஹாத்தா, என்னைப் பாரு."

"எதைப் பார்க்கட்டும்? ரெண்டு மித்வல்லி நிக்கறீங்க. ஒருத்தனுக்கே டீ வாங்கித் தர முடியல."

மினிபஸ்ஸில் ஏற்றினேன். வழியில் இன்ஸாஃபையும் அழைத்துக்கொண்டேன். விஷமுறிவு மருத்துவமனை வாசலில் ஷெஹாத்தாவைப்போலவே மீன் தின்றவர்கள் நான்கைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். உள்ளே கட்டிலில் படுக்கவைப்பதற்குள் அவன் பேச்சு குழறியது. தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. ஆனாலும் பக்கத்துக் கட்டிலில் இருந்தவனிடம், "நீ… எங்க… வாங்கினே? என்னோடது… சொந்தத் தயாரிப்பு" என்றான்.

டாக்டர் இளம்பெண். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அந்த மீனை வேற யார் சாப்பிட்டது?"

ஷெஹாத்தா கையைத் தூக்கி என்னைக் காட்டினான்.

"மத்தவங்களுக்குப் போட்டது போக, முறிமருந்து இப்போ கையில ஒருத்தருக்குத்தான் இருக்கு" என்றாள் அவள். "அடுத்தது வர எத்தனை மணி நேரம் ஆகும்னு சொல்ல முடியாது. ரெண்டு பேரையும் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும். நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் ஷெஹாத்தா அவள் அங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் வெளியே எடுத்தான்.

"அவனுக்கு… போடுங்க. பொண்ணு… இருக்கு. எனக்கு… அடுத்தது."

இன்ஸாஃப் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவன் மார்பு சிறிதுசிறிதாக ஏறி இறங்கியது. ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பூச்சுக்காரனிடம் நான் பார்த்த மூச்சு அது.

"அவனுக்கே போடுங்க. நான் சாப்பிடல" என்றேன்.

"சாப்பிட்டியே!" என்றாள் இன்ஸாஃப். "என் கண்ணு முன்னாடி தின்னியே!"

"சாப்பிடல. புல்லுல புதைச்சேன். மூடியைத் திறந்தப்பவே எனக்குத் தெரியும்."

டாக்டர் மருந்தை எடுக்க ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் நடைவழியில் தேய்ந்தது. ஷெஹாத்தாவின் இரண்டு இமைகளும் இப்போது முழுக்க விழுந்திருந்தன. அவன் மெதுவாகக் கையைத் தூக்கினான். ஆட்காட்டி விரலால் ஒரு இமையை மேலே நகர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். உதடு எதற்கோ முயன்றது. சிரிக்கப் பார்த்தானா, காறித் துப்பப் பார்த்தானா, எனக்குத் தெரியவில்லை. முகம் அசையவில்லை. விரலை மட்டும் அவன் எடுக்கவே இல்லை.