மிட்கார்டின் பெயர்ப்பட்டியல்

அருள்நாயகி ஒரு கையில் கத்தரிக்கோலும் மறுகையில் தம்பி றோபேட்டின் கப்பல் வேலைப் புத்தகமும் வைத்திருந்தாள். அதில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துக் கணவன் ஏர்னஸ்ற்றின் மீசையைக் கத்தரித்தாள். அவனிடம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லை. தொண்ணூறாம் ஆண்டு எல்லோருக்கும் கொடுத்தபோது றோபேட் எடுத்துவிட்டான். ஏர்னஸ்ற் அதற்குப் பிறகு வந்தவன். கறுத்த முகங்களைப் பிரித்தறியாத அதிகாரிகளுக்கு மீசை ஒத்துப்போனால் போதும். துறைமுகத்தை ஒட்டிய போர்கோ வெக்கியோவில் பலர் அப்படித்தான் ஒருவரின் கடதாசியில் மற்றவர் வேலைக்குப் போய்வந்தார்கள்.

"கப்பலுக்கு என்ன பேரெண்டனீங்கள்?"

"மிட்கார்ட். வடக்கை நோர்வேப் பக்கத்துப் பழங்கதையிலை மனிசர் இருக்கிற உலகத்துக்கு அதுதான் பேராம். கப்பல்லை சமைக்கிற குசினிக்கிழவன் சொன்னவன். அரக்கர் உள்ளுக்கை வராமல், செத்த அரக்கன் ஒருத்தன்ரை புருவத்தாலை வேலி அடைச்சவையாம்."

"உங்கடை புருவமெண்டால் ரெண்டு உலகத்துக்கு அடைக்கலாம்."

"ஆடாதையுங்கோ எண்டிட்டுச் சிரிக்கப் பண்ணுறாய்."

"வேலிக்கு அங்காலை?"

"கடல். அதுக்குள்ளை ஒரு பாம்பு உலகத்தைச் சுத்தித் தன்ரை வாலைத் தானே கவ்விக்கொண்டு கிடக்குதாம். விட்டால் எல்லாம் முடிஞ்சுது."

மத்தியானம் அவன் துறைமுகத்துக்கு நடந்தான். புத்தகத்தைக் கொடுத்துவிட்ட றோபேட் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தான்.

மூன்றாம் நாள், தான் வேலைசெய்யும் சின்யோராவின் வீட்டில் அருள்நாயகி சேட் அழுத்திக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சி அந்தப் பெயரைச் சொன்னது. சார்தீனியாவுக்கு மேற்கே, புயலில் மூழ்கிவிட்டது மிட்கார்ட். சூடான அழுத்தியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள்.

கப்பல் முகவரின் அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கத் தெருவில் றோபேட் நின்றுகொண்டான்.

"அக்கா, அங்கை அத்தான்ரை பேரை வாயிலை எடுக்காதை. உந்தக் கப்பலின்ரை பேரிலை வேறை கப்பலுகளும் ஓடுது. முதல் விசாரி."

உள்ளே கண்ணாடி போட்ட எழுத்தர் கோப்பைப் புரட்டினார். அந்தப் பெயரில் இரண்டு கப்பல்கள் இருக்கின்றன என்றார். ஒன்று ஹம்பர்க்கில் பத்திரமாகக் கட்டி நிற்கிறது. உங்களுடையது எங்கே சரக்கேற்றியது?

"இங்கேதான்," என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். பதினொரு பேர் மீட்கப்பட்டுவிட்டார்கள். அவர்களின் பெயர்களை வாசித்தார். பிறகு நான்கு உடல்கள். மூன்றாவது பெயர் றோபேட்.

"உங்களுக்கு என்ன முறை?"

"தம்பி," என்றாள். பொய்யில்லை. அவர் அனுதாபம் சொல்லி இறந்தவர் தம்பிதான் என்று உறுதிசெய்யும் படிவம் ஒன்றை நீட்டினார். காற்றுப் பட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தாள்.

அவள் முகத்தைக் கண்டதும் றோபேட்டுக்கு விளங்கிவிட்டது. சுவரில் சாய்ந்தான்.

"கையெழுத்து வைச்சிட்டு வா. உண்மை தெரிஞ்சால், புத்தகம் குடுத்ததுக்காகக் குவெஸ்தூராப் பொலிசு என்னைப் பிளேனிலை ஏத்திப்போடும். நான் வேறை பேரிலை இருந்துகொள்ளுறன்."

"அப்ப உன்ரை அத்தான் எங்கை?"

"அக்கா..."

"என்னை விட்டிட்டு ஓடிப்போனவரே? சனம் அப்பிடித்தான் கதைக்கும். உன்ரை பேரை வெட்டின கல்லுக்குக் கீழை அவரைப் புதைக்கிறதோ? பூசைக்கு என்ன பேரைச் சொல்லுறது, சொல்லு."

"அஞ்சு வருசமக்கா. அஞ்சு வருசம் படியள் கழுவி எடுத்த கடதாசி."

"தெரியும். அதுதான் உள்ளுக்கை வந்து சொல்லுறியோ எண்டு உன்னைக் கேக்கிறன். நீ மாட்டனெண்டால் நான் கையெழுத்து வைக்கிறன்."

றோபேட் ஒரு மோட்டார் சைக்கிள் போகும்வரை நின்றான். பிறகு தெருவைக் கடந்து, அவளுக்கு முன்னால் படியேறினான்.

அவன் தன் பெயரைச் சொன்னபோது எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

அவனை நாட்டுக்குத் திருப்பியனுப்பக் குவெஸ்தூராவுக்கு ஏழு கிழமை பிடித்தது. அதற்கு முன்பே முகவரின் அலுவலகத்தில் பட்டியலைப் புதிதாகத் தட்டச்சுச் செய்து அவளிடம் ஒரு பிரதி கொடுத்தார்கள். மூன்றாவது வரியில் ஏர்னஸ்ற்றின் பெயர் சரியாக இருந்தது. பிறந்த திகதியை மட்டும் எவரும் திருத்தவில்லை. அது இன்றும் றோபேட்டினுடையதுதான்.