கடல் ஏறும் நேரத்தில் சந்திரிகா

குவாலா சிலாங்கூரில் கடல் ஏறும்போதெல்லாம் சந்திரிகாவின் கால்கள் தரையைவிட்டு எழும்புவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை, கடல் உச்சத்துக்கு முன்னும் பின்னுமாக முறைக்கு நாலு மணி நேரம். ஆற்றுமுகத்தில் நீர் உயர உயர அவள் பாதத்திலிருந்து முழங்கால்வரை நீர் கோக்கும். அப்போது எங்கே நிற்கிறாளோ அங்கேதான். கணவன் நல்லசாமி ஆள் சேர்த்துத் தூக்கிப் பார்த்ததில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டது, அவள் அசையவில்லை.

எல்லாம் இருமலில் தொடங்கியது. செம்பனைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் களைக்கொல்லி அடித்தவள். இருமல் அவளைப் படுக்க விடாது. பட்டணத்தில் யுனானி மருந்துக்கடை வைத்திருக்கும் கைருன்னிசா, அதிமதுரமும் ஆடாதோடையும் சேர்ந்த சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “பிரஷருக்கு மாத்திர ஏதும் சாப்புடுறீங்களாக்கா?” சந்திரிகா இரண்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்றாள். “அப்ப வேளைக்கு ரெண்டு கரண்டி, பத்து நாளு. அதோட நிறுத்திருங்க. அதிமதுரம் கூடுனா ஒடம்புல தண்ணி கோத்துக்கும்.”

மூன்றாம் நாள் இருமல் நின்றது. பதினோராம் நாள் சந்திரிகா நிறுத்தவில்லை, அந்த இருமல் திரும்பிவிடுமோ என்ற பயம். கைருன்னிசா இரண்டாவது பாட்டில் தர மறுத்ததால் வேறு கடைகளில் வாங்கினாள். எட்டு மாதம் காப்பியில்கூடச் சீனிக்குப் பதிலாக அதைத்தான் ஊற்றினாள். ஒரு நாள் காலையில், தோசை வார்த்துக்கொண்டிருந்தவளால் அடுப்பைவிட்டு நகர முடியவில்லை.

கடல் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. டாக்டர் சர்பத்தை நிறுத்தினார். ஆறு வாரத்தில் ரத்தம் சரியானது. கால் மட்டும் கடலின் போக்கிலேயே இருந்தது. டாக்டர் அதையும் கார்டில் எழுதி, அடுத்த தேதி கொடுத்தார்.

கடல் ஏறும் நேரம் தினமும் முக்கால் மணிக்குமேல் தள்ளிப்போகும் என்பதால் எந்த நேரமும் அவளுடையதாக இல்லை. குளியலறையில் ஒரு காலைப்பொழுது, பஸ் நிறுத்தத்தில் மழையோடு ஒரு மாலை. வேலை போயிற்று. சேதி கேட்டு வந்த கைருன்னிசா வாசலிலேயே நின்றாள்.

“எங்கிட்ட பொய் சொல்லிட்டீங்களேக்கா.”

“சொன்னா குடுத்திருக்க மாட்டீங்க.”

“மாட்டேன்தான்.”

பிறகு உள்ளே வந்து, கடல் இறங்கும்வரை அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மகள் தனேஸ்வரிக்குச் சுங்கை ஆயர் தாவார் ஊர் மண்டபத்தில் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதரைக்கு, கடல் உச்சம் பத்தரைக்கு. சந்திரிகா ஏழு மணிக்கே போய் மணவறைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து நின்றுகொண்டாள். தாலி கட்டுவதைக் கைநீட்டும் தூரத்தில் பார்த்தாள். பதினொன்றுக்குப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினார்கள். நல்லசாமி தயங்கினான். “நீங்க போங்க லா,” என்றாள். “புள்ளய தனியா அனுப்பாதீங்க.” தனேஸ்வரி வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பன்னிரண்டுக்கு அதே மண்டபத்தில் வேறொரு குடும்பத்தின் நிச்சயதார்த்தம். அலங்காரக்காரர்கள் அவளைச் சுற்றிப் பூச்சரம் கட்டினார்கள். ஒரு பெண்மணி சந்தனம் கொடுத்தார், சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார். மோதிரம் மாற்றியதும், பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கி வந்த ஜோடி அவள் காலிலும் விழுந்தது. சந்திரிகா ஒரு பிடி அட்சதை வாங்கி, முன்பின் தெரியாத அந்த இருவர் தலையிலும் போட்டு, நன்றாக இருங்கள் என்றாள். பன்னிரண்டரைக்குக் கடல் இறங்கியது. விடைபெற்றுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.