212ஆம் மரத்தின் தங்கை

மலைச்சரிவில் 212 என்று எண் குத்திய தகடு மாட்டியிருந்த மரம், காட்டு ஆராய்ச்சியாளரின் கூடப் பிறந்த அக்கா என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. ஆய்வகத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை, எரிச்சல்தான் பட்டார்கள். இலையைக் கிள்ளும்போது அவருடைய தலைமுடி ஏதாவது விழுந்திருக்கும் என்று மாதிரியைக் கொட்டிவிட்டு, புது இலை கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாம் முறை வேறொருவர் கையுறை போட்டு எடுத்து வந்தார். மூன்றாம் முறை, ஆராய்ச்சியாளர் ஊரிலேயே இல்லாத வாரமாகப் பார்த்து எடுத்தார்கள். முடிவு மாறவில்லை: தாயும் ஒன்று, தகப்பனும் ஒன்று. மரத்துக்கு வயது நூற்று நாற்பது, அம்மாவுக்கு அறுபத்தொன்று. கணக்கு இடித்தது. ஆனால் மரபணுவில் பிழையில்லை என்பதால் கணக்கை அப்படியே விட்டுவிட்டார்கள்.

வீட்டில் விஷயம் வேறு மாதிரி போனது. அப்பா நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். அம்மா அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“மெஷினை விட்டு எழுந்திருக்காத மனுஷன், காட்டுக்கு எப்போ போனீங்க?”

“தாயும் ஒண்ணுன்னுதானே போட்டிருக்கு. நீ எப்போ போனே?” என்றார் அப்பா.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதுவரை ஒரே பிள்ளையாக இருந்த ஆராய்ச்சியாளரை அன்று சாயங்காலத்திலிருந்து அம்மா ‘சின்னவளே’ என்று கூப்பிட ஆரம்பித்தார்.

சின்னவளுக்கு உறவு கொண்டாட நேரமில்லை. பதினோரு வருடமாக அந்தச் சரிவில் அறுநூறு மரங்களை அளந்து வந்தவர் அவர். ஒவ்வொரு கோடையும் முந்தைய கோடையைவிடச் சுட்டது. மரங்கள் அடிவாரத்தில் தொடங்கி மேல்நோக்கிக் காய்ந்துகொண்டே போயின. கருகிய வரிசைக்கு நடுவில் 212 மட்டும் பச்சையாக நின்றது. வெப்பத்தைத் தாங்கும் மரபணு அதனிடம்தான் இருந்தது. அதன் விதை கிடைத்தால் சரிவை மறுபடி எழுப்பலாம், சரிவு எழுந்தால் ஊருக்குத் தண்ணீர் தரும் ஓடையும் பிழைக்கும். ஆனால் 212 ஒரு தடவைகூடப் பூத்ததில்லை. வெட்டி நட்ட கிளைகள் நான்கே நாளில் வாடின. அது பூத்தாலும் மகரந்தம் கொடுக்க மேலே மிஞ்சிய மரங்கள் உயிரோடு இருக்க வேண்டுமே, அவற்றுக்கு இந்த ஒரு வருடம்தான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மலைக்குப் போனார்கள். காட்டு ஆராய்ச்சியில் மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் எடுப்பது வழக்கம். அப்பாவுக்கும் அதுவே வழக்கம் என்பதால், யாரும் சொல்லாமலேயே டேப்பைச் சுற்றினார்.

“போன வருஷம் எவ்வளவு?”

“நூத்தி எண்பத்தாறு.”

“இப்போ நூத்தி எண்பத்து மூணு. இளைச்சுட்டா.”

ஆராய்ச்சியாளர் ஒரு காகிதத்தைப் பிரித்தார். ஆய்வுக்கு ஒத்துழைத்தமைக்கு நன்றி என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். முதல் வரி முடிவதற்குள் அம்மா குறுக்கே வந்தார்.

“நிறுத்துடி. கூடப் பிறந்தவகிட்ட யாராவது நன்றி சொல்லுவாங்களா? ஆபீஸ்ல ரிட்டயர் ஆகறவரை வழியனுப்பற மாதிரி பேசறே. பதினோரு வருஷமா டேப்பும் கத்தரியுமா வந்து நிக்கறே, ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்கியா?”

கேட்டதில்லை. பறவைகளின் சத்தத்தைப் பதிவு செய்யும் கருவி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்ததால், மரத்தடியில் வாய் திறக்கக் கூடாது என்ற விதியை அவரே போட்டிருந்தார். இப்போது கையுறையைக் கழற்றிவிட்டுப் பட்டைமேல் கையை வைத்தார். முப்பத்தேழு டிகிரி இருந்தது.

“அக்கா, சாப்பிட்டியா?”

காற்றே இல்லாமல் எல்லா இலைகளும் இந்தப் பக்கம் திரும்பின. கொண்டுவந்த தண்ணீரை வேரில் ஊற்றிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, அம்மாவின் முழங்கால் வலி முதல் பக்கத்து வீட்டுக்காரரின் வாய்க்கொழுப்பு வரை ஒன்றுவிடாமல் பெரியவளிடம் சொல்லி முடித்தார்கள். பறவைப் பதிவில் அன்று நாலு மணி நேரக் குடும்பக் கதைதான் விழுந்தது. புதன்கிழமை 212 அடி முதல் நுனி வரை பூத்திருந்தது.

விதைகள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு தேறின. ஆறு வருடத்தில் சரிவைப் பச்சை மூடிக்கொண்டது. நாற்பத்திரண்டு டிகிரி சுட்ட கோடையிலும் ஊரில் குழாயைத் திறந்த வீடுகளிலெல்லாம் தண்ணீர் வந்தது. நன்றி சொல்ல ஆட்கள் கூட்டம் கூட்டமாக மலை ஏறினார்கள். வெளியாட்கள் சொல்லலாம், தப்பில்லை என்று அம்மா விட்டுவிட்டார்.

ஆராய்ச்சியாளர் இவ்வளவையும் எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினார். மூன்று நிபுணர்கள் படித்தார்கள். மரம் பூத்த விதத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆய்வாளருக்கும் ஆய்வுப் பொருளுக்கும் உறவு ஏதும் உண்டா என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருப்பது முறையல்ல என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தார். ஆராய்ச்சியாளர் அந்தக் கட்டத்தில் ‘அக்கா’ என்று நிரப்பி அனுப்பினார். கட்டுரை அடுத்த இதழில் வெளிவந்தது.