உத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே

மாரண்டஹள்ளியில் ராஜமேரியின் வீட்டுக் கிழக்குச் சுவர் மழையில் வெடித்த மூன்றாம் நாளே, ஓசூரிலிருந்து பழைய மர வியாபாரி மாயவன் வந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்தவரைப் போல முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

“வூடு தாங்காதுங்கக்கா. சுவர் போனா கூரையும் போயிரும். ஆளு மேல விழறதுக்குள்ள பிரிச்சுக் குடுத்துருங்க. வெள்ளிக்கிழமை லாரி அனுப்பறேன்.”

ராஜமேரியின் தம்பி அருள்பிரகாஷ் பயந்துபோனான். வீட்டில் பாதி அவனுடையது. “வித்துரலாங்க்கா. புள்ளைங்க படுக்கற எடம்.”

ராஜமேரி பாலக்கோட்டுச் சந்தையில் பதினெட்டு வருடமாகத் தக்காளி விற்பவள். மாயவனின் வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். வெடித்த சுவரை அவர் தொடவே இல்லை. வேங்கைமரத் தூண்களைத்தான் ஒவ்வொன்றாகத் தட்டி, நகத்தால் கீறி, கன்றுக்குட்டியைப் போலத் தடவிக்கொண்டிருந்தார்.

தம்பியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். “அழுகல் அழுகல்னுட்டே தக்காளிப் பெட்டியில இருந்து கையெடுக்காத ஆளை நான் தெனம் பாக்கறேன்டா. இந்த மரம் இரும்பாட்டம் இருக்குது. அதான் வெள்ளிக்கிழமைக்குப் பறக்கறாரு.”

“மரம் சரிக்கா. சுவரு?”

ஏணி போட்டு ஏறினாள். போன மாதக் காலண்டர் தாளைச் சுவரின் உச்சிக்கும் உத்திரத்துக்கும் நடுவே நுழைத்தாள். தூண் இருந்த இடங்களைத் தவிர, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தாள் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. உத்திரம் சுவரின் மேல் உட்காரவே இல்லை. தூண்களின் நுனியை உத்திரத்தில் குடைந்த துளைகளில் செருகி, மரமுளை அடித்து இறுக்கியிருந்தார்கள். கூரையின் பாரம் முழுக்கத் தூண் வழியாக அடியிலிருந்த கல்லுக்கு இறங்கியது. சுவர் வெறும் மண் திரை.

ஏணியிலிருந்தபடியே குரல் கொடுத்தாள். “மாயவண்ணா! சுவரை நானே இடிக்கறேன். கூரை விழுந்தா மரம் பூரா சும்மா எடுத்துக்கங்க. விழலைனா, இந்த வாசல்ல இனி வெலை பேசக் கூடாது.”

“அக்கா, வெளாட்டில்ல!” என்றான் தம்பி.

மாயவன் கூரையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. சொன்ன சொல்லை விழுங்க வழியில்லை. “சரிங்க,” என்றார், கசப்பு மருந்து குடித்தவர் போல.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளிப்பக்கம் நின்று கடப்பாரையைப் போட்டாள். நாலாவது குத்தில் சுவர் மொத்தமாகச் சரிந்தது. தெருவே இருமியது. ஓர் ஓடு நழுவி விழுந்து உடைந்தது. அவ்வளவுதான். புழுதி அடங்கியபோது, சுவரில்லாத அந்த வீடு நிமிர்ந்து நின்றது. யாரோ விசிலடித்தார்கள்.

அருள்பிரகாஷ் மண்மேட்டைத் தாண்டி உள்ளே போய், உத்திரத்துக்கு நேர் கீழே நின்றான். தூணை ஓங்கி ஒரு தட்டு தட்டினான். “விக்கறதா இல்லீங்க!”

மாயவனுக்குத் தாங்கவில்லை. “அக்கா, இன்னும் ஒரு லட்சம் சேர்த்து...”

ராஜமேரி கடப்பாரையைச் சாத்திவிட்டுக் கைப்புழுதியைத் தட்டினாள்.

“அருளு, அண்ணனுக்கு டீ சொல்லுடா. வூடு கெட்டியா இருக்குதுன்னு சாட்சி சொல்லறதுக்கு ஓசூர்ல இருந்து சொந்தச் செலவுல வந்திருக்காரு.”